ஏட்டுச் சுரைக்காய்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். படிப்பு மிகுந்து அனுபவம் குறைந்தவர்களைப் பரிகாசம் செய்வதற்காக ஏற்பட்ட பழமொழி இது. ஆனால் கணக்குப் புத்தகங்களுக்கும் இது பொருந்துமா என்று ஒரு கேள்வி சில நாட்களாக என் மனத்தைக் குடைந்துகொண்டிருக்கிறது. பாதி பொருந்தும், பாதி பொருந்தாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். எந்தப் பாதி பொருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ளாத குடும்பங்கள் பெரும் நஷ்டம் அடைய நேரிடுமாகையால், இந்த வாரம் அதைப் பற்றியே எழுதலாமென்று எண்ணுகிறேன்.

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரத்துக்குப் போகும் சாலையில் ராசிங்காபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை ஒரு பெரிய மதிற்சுவரைப் போல் நிற்கும். அந்தச் சுவருக்கு மேலேதான் ஏலத் தோட்டங்கள் இருக்கின்றன. அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு வழியாக வேலைக்குப் போகிறவர்கள் பலர். பறித்த பச்சைக் காயை அங்கேயே சூட்டறையில் உலர்த்தி மூட்டை கட்டிக் கீழே இறக்குகிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் தேறும். அது போடியிலும், மலைக்கு அப்பால் இடுக்கி ஜில்லாவிலுள்ள புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் ஏலத்துக்கு வருகிறது. ஏலத்தை ஏலம் போடுகிறார்கள் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் சொல்லுகிறவருக்கு நாக்குத் திக்குகிறது என்று நினைத்துவிடக்கூடும்!

இந்த ராசிங்காபுரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். தகப்பனார் கெட்டிக்காரர். தம்முடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மலைச்சரிவில் ஒரு தோட்டம் வாங்கினார். போடியில் ஏலக்காய் வியாபாரமும் நடத்தினார். கணக்கு எழுதுவதில் அவருக்கு ஈடு அவரேதான். உயில் மட்டும் எழுதவில்லை. 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் காலமானபோது இரண்டு பிள்ளைகளும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். தாயார் முன்னமேயே போய்விட்டார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனார் உயில் எழுதாமல் விட்டுப்போன சுயார்ஜிதச் சொத்தில் பிள்ளைகளுக்கும் பெண்ணுக்கும் சரிசமமான பங்கு உண்டு. ஆகவே மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து தகப்பனாரின் பேரேட்டைப் பிரித்தார்கள்.

கடைசிப் பக்கத்தில் ஐந்தொகை அழகாக எழுதியிருந்தது. கடன் ஒன்றுமில்லை. ஆஸ்தி மூன்றே இனங்கள். மலைத்தோட்டம், பத்து லட்சம் ரூபாய். கிட்டங்கியில் ஏலக்காய் 250 கிலோ, பத்து லட்சம் ரூபாய். பாங்கியில் ரொக்கம், பத்து லட்சம் ரூபாய்.

"அப்பா பங்கு பிரித்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!" என்றார் மூத்தவர். தோட்டத்தை அவர் எடுத்துக்கொண்டார். வியாபாரத்தில் பழகிய இளையவர் சரக்கை எடுத்துக்கொண்டார். "உனக்கு மலையேறி வேலை வாங்கவும் முடியாது, கடையில் உட்காரவும் முடியாது. கைமேல் காசாக எடுத்துக்கொள், தங்கச்சி" என்று சொல்லி, தங்கைக்கு ரொக்கத்தைக் கொடுத்தார்கள். "நீங்கள் சொன்னால் சரிதான், அண்ணே" என்று அவளும் கையெழுத்துப் போட்டாள். ஒருவரையொருவர் ஏமாற்ற வேண்டுமென்ற எண்ணம் மூவரில் எவருக்கும் கிடையாது.

இது நியாயமான பாகப்பிரிவினைதானா? அதைச் சொல்வதற்கு, அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த எண்களுக்கு என்ன பொருள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு பொருளுக்கு எதிரே நிற்கும் தொகைக்கு ஏட்டு மதிப்பு என்று பெயர். 'புக் வால்யூ' என்று இங்கிலீஷில் சொல்கிறார்களே, அதுதான். பொருளை வாங்க என்ன செலவாயிற்றோ அதைப் புத்தகத்தில் எழுதுகிறோம். உபயோகிக்க உபயோகிக்க அது தேய்கிறதல்லவா? அந்தத் தேய்மானத்தை ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வருகிறோம். கழித்தது போக மிச்சம் நிற்பதே ஏட்டு மதிப்பு. போட்ட பணத்தில் இன்னும் எவ்வளவு செலவுக் கணக்கில் சேராமல் பாக்கி நிற்கிறது என்பதைத்தான் அது சொல்லுகிறது. இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதை அது சொல்லவில்லை. சொல்வதாக அது ஒருபோதும் வாக்குக் கொடுத்ததும் இல்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஏலக்காயைச் சுத்தம் செய்து தரம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை ஒரு கம்பெனி ஆறு லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பொதுவான இயந்திரங்களுக்குப் பதினைந்து ஆண்டு ஆயுள் என்று வகுத்திருக்கிறது. கடைசியில் பழைய இரும்பாக 30,000 ரூபாய் தேறும் என்று வைத்துக்கொண்டால், மிச்சமுள்ள 5,70,000 ரூபாயைப் பதினைந்தால் வகுத்து, ஆண்டுக்கு 38,000 ரூபாய் கழிக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு 4,10,000 ரூபாய்.

அதே கம்பெனி வருமான வரிக்காக இன்னொரு கணக்கும் வைத்திருக்கும். வருமான வரிச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட முறைப்படி, பொதுவான இயந்திரங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் மிச்சம் நிற்கும் தொகையில் 15 சதவிகிதம் கழிப்பார்கள். முதல் ஆண்டில் 90,000 ரூபாய் கழியும். அடுத்த ஆண்டில் 76,500 ரூபாய். இப்படிக் குறைந்துகொண்டே போகும். ஐந்து ஆண்டு கழித்து ஏட்டு மதிப்பு சுமார் 2,66,000 ரூபாய் ஆகிவிடும்.

இயந்திரம் ஒன்றுதான். அது நிற்கும் இடமும் ஒன்றுதான். ஆனால் ஒரு புத்தகத்தில் நாலு லட்சத்துப் பத்தாயிரம். மற்றொன்றில் அதைவிட 1,44,000 ரூபாய் குறைவு. இரண்டு கணக்குப் பிள்ளைகளில் பொய் சொல்லுகிறவர் யார்? ஒருவருமில்லை. ஒவ்வொருவரும் ஒரு விதியைக் கைக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். விதி மாறினால் எண்ணும் மாறும். ஆகையால் ஏட்டு மதிப்பு இவ்வளவு என்று எவரேனும் சொன்னால், எந்த விதிப்படி என்று கேட்பது நமது கடமையாகிறது.

இனி நம்முடைய ராசிங்காபுரத்துக் குடும்பத்துக்குத் திரும்பலாம்.

மூத்தவர் பங்குக்கு வந்த தோட்டத்தை முதலில் பார்ப்போம். அந்தப் பத்து லட்சத்தில் நிலத்தின் கிரயம் ஒரு லட்சம். மிச்சம் ஒன்பது லட்சம் செடிகளின் கணக்கு. ஏலச்செடி நட்டு மூன்றாவது ஆண்டுவாக்கில்தான் காய்க்கத் தொடங்கும். அதுவரையில் நாற்றுக்கும், களையெடுப்புக்கும், ஆள் கூலிக்கும் ஆகிற செலவையெல்லாம் முதலாகச் சேர்த்து எழுதி, காய்க்கத் தொடங்கிய பிறகு செடியின் ஆயுளுக்குத் தக்கபடி தேய்மானம் கழிப்பார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. நிலத்தின் சமாசாரம் வேறு. நிலம் தேய்வதில்லை, ஆகவே அதற்குத் தேய்மானம் கிடையாது. ஆனால் விலை ஏறினால் ஏட்டில் ஏற்றி எழுத வேண்டுமென்ற கட்டாயமும் கிடையாது. 1985-ல் ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய நிலம் 2022-லும் ஒரு லட்சமாகவே நிற்கும். அக்கம்பக்கத்தில் விசாரித்திருந்தால், அந்தத் தொகைக்கு அதே நிலத்தில் ஒரு மூலைகூடக் கிடைக்காது என்று தெரிந்திருக்கும். இங்கே தகப்பனார் செய்த பிழை ஒன்றுமில்லை. கணக்கெழுதும் முறையே அப்படி ஏற்பட்டது.

இரண்டாவது, இளையவரின் ஏலக்காய் மூட்டைகள். 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தில் இடுக்கி மலைத் தோட்டங்கள் பலமாகச் சேதமடைந்தன. மறு ஆண்டில் காய் வரத்துக் குறைந்து விலை ஏறிற்று. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போய், மலை முழுவதும் அதே பேச்சாயிருந்தது. அப்போது தகப்பனார் கிலோ 4,000 ரூபாய் வீதம் 250 கிலோ வாங்கி, விலை இன்னும் ஏறும் என்று கிட்டங்கியில் போட்டார். ஆகப் பத்து லட்சம். ஆனால் விலை இறங்கிற்று. 2022-ன் தொடக்கத்தில் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. கிலோ 900 என்று வைத்துக்கொண்டால், இளையவரின் பத்து லட்சம் 2,25,000 ரூபாய்தான். அதுவும் காய் பச்சை நிறம் மங்காமல் இருந்தால்!

இங்கே தகப்பனார் மேல் குற்றம் உண்டு. சரக்கிருப்பைப் பற்றிக் கணக்கு சாஸ்திரத்தில் கண்டிப்பான விதி ஒன்று இருக்கிறது. வாங்கிய விலை, விற்றால் செலவு போகக் கிடைக்கும் விலை, இவ்விரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். நாலாயிரத்துக்கு வாங்கிய காய் ஏழாயிரம் ஆனாலும், விற்றுப் பணம் கைக்கு வரும் வரையில் நாலாயிரமாகவே நிற்கும். வரப்போகும் லாபத்தை முன்கூட்டி எழுதிச் சந்தோஷப்படலாகாது. ஆனால் விலை தொள்ளாயிரத்துக்கு இறங்கினால், அந்த ஆண்டுக் கணக்கை முடிக்கும்போதே இறக்கி எழுதிவிட வேண்டும். அப்படிச் செய்திருந்தால் பேரேட்டில் பத்து லட்சம் நின்றிராது; இளையவர் அதைப் பார்த்து மயங்கியிருக்கவும் மாட்டார். மறுபடியும் விலை ஏறிவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தகப்பனார் பேனாவை மூடி வைத்துவிட்டார். மனித சுபாவம்தானே?

மூன்றாவது, தங்கையின் ரொக்கம். ஏட்டிலும் பத்து லட்சம். கையிலும் பத்து லட்சம். மூன்று இனங்களில் ஏட்டு மதிப்பும் உண்மை மதிப்பும் ஒன்றாக இருப்பது இது ஒன்றுதான்.

ஆகவே, ஒரே பத்து லட்சம் என்ற பெயரில் ஒருவருக்கு இரண்டே கால் லட்சமும், ஒருவருக்குப் பத்து லட்சமும், இன்னொருவருக்கு அதைவிட எத்தனையோ மடங்கும் போய்ச் சேர்ந்தன. இளையவராவது ஒரு நாள் சந்தைக்குப் போனால் தம் நஷ்டத்தைத் தெரிந்துகொள்வார். வந்து சண்டை போடுவார். தங்கைக்கோ தான் எதை இழந்தோம் என்பதே தெரிய வழியில்லை. நம் குடும்பங்களில் பெண்களுக்குப் பங்கு கொடுக்க மனம் உள்ளவர்கள்கூட, பழைய பத்திரத்தில் கண்ட விலையைக் கணக்கிட்டுப் பணமாகக் கொடுத்து முடித்துவிடுவது உண்டு. சட்டம் கொடுத்த சமபங்கு இப்படி ஏட்டு மதிப்பிலே கரைந்து போகலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இன்றைக்கு இந்த நிலம் என்ன விலை போகும் என்று ஒரு வார்த்தை கேட்பதில் பாசத்துக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது. பிற்காலத்தில் மனஸ்தாபம் வராமல் பாசத்தைக் காப்பாற்றுவதும் அந்தக் கேள்விதான்.

எங்களுக்குத் தோட்டமும் இல்லை, கிட்டங்கியும் இல்லை என்று சில வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இக்காலத்தில் மாதச் சம்பளக்காரர்கள்கூடக் கம்பெனிப் பங்குகள் வாங்குகிறார்கள். அங்கேயும் இந்த ஏட்டு மதிப்பு வந்து நிற்கும்.

ஒரு பங்குக்கு மூன்று மதிப்புகள் உண்டு. பங்குக்கு இவ்வளவு என்று கம்பெனி ஆரம்பத்தில் வகுத்தது முகமதிப்பு. கம்பெனியின் ஆஸ்திகளிலிருந்து கடன்களைக் கழித்து, மிச்சத்தைப் பங்குகளின் தொகையால் வகுத்தால் வருவது ஏட்டு மதிப்பு. வாங்குகிறவனும் விற்கிறவனும் இன்றைக்கு ஒப்புக்கொள்வது சந்தை விலை. சந்தை விலை ஏட்டு மதிப்புக்குக் கீழே இருந்தால், மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடும்படி ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு. சில சமயங்களில் அது நல்ல ஆலோசனையாகவே இருக்கும். ஆனால் ஏன் மலிவு என்று கேட்காமல் வாங்கினால், இளையவரின் ஏலக்காய் மூட்டைக் கதையாகிவிடும்.

நம் தேசத்துக் கதை ஒன்று இதற்கு உண்டு. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். இந்த 25 ரூபாய் முகமதிப்பு. மறு ஆண்டில் 'காலியா', 'லாவோ' என்னும் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. கப்பல் வாங்கின விலை கணக்கில் ஏறும்; ஆண்டுதோறும் தேய்மானமும் கழியும். ஆனால் எதிர்க் கம்பெனியான வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து ஆசை காட்டியபோதும், ஜனங்கள் சுதேசிக் கப்பலைத் தேடி வந்து ஏறினார்களே, அந்த அபிமானத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? தானாகச் சம்பாதித்த நற்பெயரை ஆஸ்தியாக எழுதக் கணக்கு சாஸ்திரம் இன்றைக்கும் அனுமதிப்பதில்லை. ஒரு வியாபாரத்தை இன்னொருவர் விலை கொடுத்து வாங்கும்போது, அந்தப் பெயருக்காக அதிகமாகக் கொடுத்த தொகையை மட்டுமே ஏட்டில் ஏற்றலாம்.

1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளையைக் கைது செய்தார்கள். கடுந்தண்டனையும் விதித்தார்கள். கம்பெனியின் உயிர் சிறைக்குள் போய்விட்டது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்களும் விலைபோயின. கலைக்கப்படும் கம்பெனியின் சாமான்கள் ஏட்டு மதிப்புக்கு விலைபோவது அபூர்வம். அவசரமாக விற்கிறான் என்று தெரிந்தால் வாங்குகிறவன் விலையைக் குறைப்பான் அல்லவா? கம்பெனி தொடர்ந்து நடக்கும் என்ற நம்பிக்கையின் பேரில்தான் ஏட்டு மதிப்பு எழுதப்படுகிறது. அந்த நம்பிக்கை போனால் எண்களும் உடன் போகின்றன.

அதே 1906 அக்டோபரில்தான் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடிற்று. பெரிய பெயரும் பழைய பெருமையும் வாய்ந்த வெள்ளைக்காரக் கம்பெனி. எத்தனையோ குடும்பங்கள் தங்கள் சேமிப்பை அங்கே போட்டு வைத்திருந்தன. ஒரே நாளில் அவ்வளவும் அகப்பட்டுக்கொண்டது. அதன் தலைவர் வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். இந்தியருடைய பணத்துக்கு இந்தியருடைய பாங்கி வேண்டும் என்ற முயற்சி வலுப்பெற்று, 1907-ல் இந்தியன் பாங்க் தோன்றியது. பாங்கித் தொழிலில் பெரிய ஆஸ்தி, பிறருக்குக் கொடுத்த கடன்தான். ஏட்டில் ஒரு கோடி ரூபாய் கடன் வரவேண்டியதாக நிற்கலாம். கடன் வாங்கியவன் ஓட்டாண்டியாகியிருந்தால் அந்தக் கோடி வெறும் மை. வாராத கடனை வாராக் கடன் என்று துணிந்து எழுதிக் கழிக்கிற பாங்கியின் ஏட்டு மதிப்பை நம்பலாம். எழுதக் கூசுகிற பாங்கியினுடையதை நம்பலாகாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் புத்தகத்தை மூடிவிட்டுச் சந்தையையே நம்புவோம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 2019-ல் ஏழாயிரம் என்று கூவியதும் சந்தைதான்; பிறகு தொள்ளாயிரம் என்று முனகியதும் சந்தைதான். ஏழாயிரம் நிலைக்கும் என்று எண்ணிக் கடன் வாங்கித் தோட்டம் வைத்தவன் கதி என்னவாகியிருக்கும்? சந்தை விலை இன்றைய அபிப்பிராயம், நாளைக்கு மாறும். ஏட்டு மதிப்போ நடந்த காரியத்தின் பதிவு. நாம் எவ்வளவு முதல் போட்டோம், அதில் எவ்வளவு தேய்ந்தது, லாபம் என்று நாம் எடுத்துச் சாப்பிட்டது உண்மையில் லாபம்தானா, அல்லது முதலையே தின்றுகொண்டிருக்கிறோமா என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். செடிக்கும் இயந்திரத்துக்கும் தேய்மானம் எழுதாத தோட்டக்காரர், பத்து ஆண்டு செழிப்பாக வாழ்ந்துவிட்டு, பதினோராவது ஆண்டில் புதுச் செடி வைக்கப் பணமில்லாமல் திண்டாடுவார்.

ஆகையால் ஏட்டு மதிப்பு ஒன்று எதிரே வந்து நிற்கும்போது மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இது எப்போது எழுதியது? எந்த விதிப்படி எழுதியது? இதிலே எழுதாமல் விட்டது என்ன? நிலத்துக்கு முதல் கேள்வி முக்கியம், இயந்திரத்துக்கு இரண்டாவது, கம்பெனிப் பங்குக்கு மூன்றாவது. வீட்டில் பாகப்பிரிவினை நடக்கும்போது மூன்றும் முக்கியம். அன்றைக்கு வீட்டுப் பெண்களையும் கூடத்தில் உட்கார வைத்து, அவர்கள் காதிலும் விழும்படி கேட்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் கொடியில் எத்தனை காய் இருந்தது என்று ஏட்டில் எழுதி வைக்காவிட்டால், எதிர்வீட்டுக்காரர் இரண்டைப் பறித்துக்கொண்டு போய்க் கூட்டு வைத்தாலும் நமக்குத் தெரியாமலே போய்விடும்!